மண்டப விண்ணப்பம் பிளானிங் கொமிட்டிக்குப் போனால் என்ன நடக்கும்?

கேள்வி இதுதான். இங்கிலாந்தின் நடுப்பகுதி நகரம் ஒன்றிலுள்ள தமிழ்ச் சங்கம், நெடுநாளாக வெறுமையாகக் கிடந்த ஒரு களஞ்சியக் கட்டடத்தை வாங்கியிருக்கிறது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி, கிழமை நாட்களில் பின்னேர நடன வகுப்பு, மாதத்துக்கு ஓரிரு விழா என்று அதை மண்டபமாக்க விண்ணப்பித்திருக்கிறார்கள். 64 பேர் எதிர்த்து எழுதிவிட்டார்கள். விண்ணப்பம் அடுத்த மாதம் கவுன்சிலின் பிளானிங் கொமிட்டிக்கு, அதாவது கவுன்சிலர்மார் கூடி முடிவெடுக்கும் திட்டமிடல் குழுவுக்குப் போகிறது. "அண்ணா, கவுன்சிலர்மார் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? ஆதரவுக் கடிதம் 200 சேர்த்துக் கொடுத்தால் வெல்லலாமா? இல்லாவிட்டால் எங்களைப் பிடிக்காத சனம் சொல்வதுதான் நடக்குமா?" என்று சங்கச் செயலாளர் கேட்கிறார்.

தம்பி, அந்த 64 உங்கள் விண்ணப்பத்தைக் கொமிட்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. அத்தோடு அந்த எண்ணின் வேலை ஏறக்குறைய முடிந்தது. 64 கடிதத்திலும் ஒரே காரணம்தான் இருக்கிறதென்றால், கொமிட்டியின் முன்னால் இருப்பது ஒரு காரணம். ஒரேயொரு கடிதத்தில் ஆதாரத்தோடு ஒரு வலுவான காரணம் இருந்தால், அதுவே விண்ணப்பத்தை விழுத்தப் போதும். ஆதரவுக் கடிதத்துக்கும் இதே நியாயம்தான். ஒரே வாசகத்தை 200 பேர் கையெழுத்திட்டு அனுப்புவதால் பெரிய பலன் இல்லை. "என் பிள்ளை இப்போது 9 மைல் தள்ளி வேறு நகரத்துக்குத் தமிழ் படிக்கப் போகிறாள், இந்தக் கட்டடம் வந்தால் நடந்தே போவாள்" என்று ஒரு தாய் எழுதினால் அதில் பாவிக்கத்தக்க ஒரு விஷயம் இருக்கிறது. பயணத் தூரம் குறைகிறது, சமூகத் தேவை ஒன்று உள்ளூரிலேயே நிறைவேறுகிறது. கொமிட்டிக்கு அறிக்கை எழுதும் கவுன்சிலின் திட்டமிடல் உத்தியோகத்தர் அதை எடுத்துத் தன் அறிக்கையில் எழுதலாம்.

இந்தத் தொழிலில் வரைபடம் கீறி, விண்ணப்பம் போட்டு, கொமிட்டி வாசலில் காத்து நின்று எனக்கு 19 வருடம் ஆகிறது. எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கொமிட்டி தங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். கொமிட்டி பார்ப்பது காணியையும் அதில் நடக்கப்போகும் பாவனையையும். இன்றைக்கு அந்தக் கட்டடம் உங்கள் சங்கத்திடம் இருக்கிறது, பத்து வருடம் கழித்து வேறொருவரிடம் இருக்கலாம். அனுமதி காணியோடு ஒட்டிக்கொண்டு போகும். ஆனபடியால் விண்ணப்பதாரர் நல்லவரா, எந்த நாட்டவர், எவ்வளவு கஷ்டப்பட்டுக் காசு சேர்த்தவர் என்பதெல்லாம் அநேகமாக அங்கே எடைபோடப்படுவதில்லை.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றது விளங்கும். 1947இல் வந்த நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1948 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து காணி சொந்தமாக இருந்தாலும் அதில் நினைத்தபடி கட்டவோ பாவனையை மாற்றவோ முடியாது, உள்ளூர் அதிகார சபையின் அனுமதி வேண்டும். இப்போது நடைமுறையில் உள்ளது 1990ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் கொமிட்டி உறுப்பினருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டிய வரி 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவில் இருக்கிறது. முடிவு உள்ளூர் அபிவிருத்தித் திட்டத்துக்கு இசைவாக இருக்க வேண்டும், கணக்கில் எடுக்கத்தக்க வேறு காரணங்கள் மறுபக்கம் காட்டினால் மட்டும் விலகலாம். இதுதான் அதன் சாரம். அந்தக் "கணக்கில் எடுக்கத்தக்க காரணம்" என்பதைத்தான் உத்தியோகத்தர்கள் மூச்சுக்கு மூச்சு "மெட்டீரியல் கொன்சிடரேஷன்" என்பார்கள். மத்திய அரசின் தேசியத் திட்டமிடல் கொள்கையும் அதில் ஒன்று. அது 2012இல் முதலில் வெளியாகிப் பலமுறை திருத்தப்பட்ட ஆவணம்.

ஆகவே முதல் வேலையாக உங்கள் நகரத்தின் லோக்கல் பிளானை, அதாவது அந்த உள்ளூர் அபிவிருத்தித் திட்டத்தை எடுத்து, உங்கள் கட்டடம் நிற்கும் இடம் அதன் வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். களஞ்சியம் நிற்கும் இடமென்றால் அநேகமாகத் தொழில் வலயமாக இருக்கும். 64 பேர் சொல்லாத காரணம் அங்கே ஒளிந்திருக்கலாம். தொழில் காணியை வேறு பாவனைக்கு விட மாட்டோம் என்று பல நகரங்களின் திட்டத்தில் கொள்கை உண்டு. அப்படியென்றால், கட்டடம் நியாயமான விலைக்கு எவ்வளவு காலம் சந்தையில் கிடந்தது, தொழில் செய்ய யாராவது கேட்டு வந்தார்களா என்பதற்கு முகவரின் எழுத்து ஆதாரம் வேண்டும். நான் கண்ட மண்டப, கோயில் விண்ணப்பங்களில் சத்தமில்லாமல் தோற்றவை பல இந்த இடத்தில்தான் தோற்றன. அயலவர் யாரும் வாய் திறக்காமலே தோற்றன.

இனி, முடிவெடுப்பது யார்? பெரும்பாலான விண்ணப்பங்கள் கொமிட்டியைக் காண்பதேயில்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலானவற்றை உத்தியோகத்தர்களே கையளிக்கப்பட்ட அதிகாரத்தின் கீழ் முடித்துவிடுகிறார்கள். சமையலறையைப் பின்னால் நீட்டுவது, கூரைக்குள் அறை போடுவது எல்லாம் அப்படித்தான். 10 வீடோ அதற்கு மேலோ, அல்லது 1,000 சதுர மீற்றர் தளப்பரப்போ அதற்கு மேலோ என்றால் அது பெரிய விண்ணப்பம். அதற்கு 13 கிழமை, மற்றவைக்கு 8 கிழமை என்று சட்டம் காலம் வைத்திருக்கிறது, இரு தரப்பும் எழுத்தில் இணங்கினால் நீட்டலாம். பெரிய விண்ணப்பங்கள், கவுன்சிலின் சொந்தக் காணி, கவுன்சிலரோ ஊழியரோ போட்ட விண்ணப்பம், வட்டாரக் கவுன்சிலர் கேட்டுக்கொண்ட விண்ணப்பம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எதிர்ப்பு வந்த விண்ணப்பம் ஆகியவை கொமிட்டிக்குப் போகும். அந்த எண்ணிக்கை நகரத்துக்கு நகரம் வேறு. எது கொமிட்டிக்குப் போக வேண்டும் என்பதை நாடு முழுவதற்கும் ஒரே விதியாக வகுக்கும் அதிகாரத்தை 2025ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்குக் கொடுத்திருக்கிறது, ஆகவே உங்கள் கவுன்சிலின் தற்போதைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேயரைத் தெரியும், அவரோடு கதைக்கலாம் என்று சங்கத்தில் யாராவது சொன்னால் மரியாதையோடு தடுத்துவிடுங்கள். நேரடியாகத் தெரிவுசெய்யப்பட்ட மேயர் உள்ள நகரத்திலும் திட்டமிடல் விண்ணப்பம் அவருடைய நிர்வாகக் குழுவின் அதிகாரத்துக்குள் வராது. பல கட்சிகளின் கவுன்சிலர்கள் சேர்ந்த கொமிட்டியிடமும் உத்தியோகத்தர்களிடமும்தான் அது இருக்கிறது. அங்கே கட்சிக் கட்டளை போடுவதும் முறையில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எல்லோரும் கொமிட்டி கூடும் அந்த மாலையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். முடிவின் பெரும்பங்கு அதற்கு முன்னரே, உத்தியோகத்தரின் அறிக்கையில் எழுதப்பட்டுவிடுகிறது. கூட்டத்துக்கு முழுதாக ஐந்து நாட்களுக்கு முன்னர் அது பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கொமிட்டி அங்கத்தவர் ஒருவர் ஒரே மாலையில் ஐந்தாறு விண்ணப்பம் பார்க்கிறார். உங்கள் வரைபடங்களை அவர் ஒவ்வொன்றாக விரித்துப் படிக்கப்போவதில்லை. அவர் படிப்பது அந்த அறிக்கையை.

அறிக்கை ஒன்றைத் திறந்து பார்த்தால் முதலில் காணியின் விவரணை, பழைய அனுமதிகள், பிறகு வீதிப் பிரிவும் சுற்றாடல் சுகாதாரப் பிரிவும் சொன்ன கருத்து, பிறகு பொதுமக்களின் கடிதங்கள். அந்தக் கடிதங்கள் முழுதாக வராது. பிழிந்து, காரணம் காரணமாக வகுத்துப் போட்டிருப்பார்கள்: வாகனத் தரிப்பிடம், இரவுச் சத்தம், குப்பை, சாளரம் வழியாக எட்டிப் பார்த்தல், வீட்டு விலை இறங்குதல், தெருவின் தன்மை மாறுதல் என்று. ஒவ்வொன்றுக்கும் கீழே இது எடைபோடத்தக்கதா இல்லையா என்ற குறிப்பு இருக்கும். வீட்டு விலை இறங்கும் என்பது எடைபோடப்படாது. என் யன்னலிலிருந்து தெரியும் காட்சி மறையும் என்பதும், எல்லை மதில் தகராறும், ஏற்கெனவே ஒரு மண்டபம் இருக்கிறது அதற்குப் போட்டி வரும் என்பதும் அப்படித்தான். வெளிச்சம் மறைதல், அந்தரங்கம் கெடுதல், சத்தம், போக்குவரத்து ஆபத்து, கட்டடத்தின் தோற்றம், மரங்கள், பழம்பெரும் கட்டடத்துக்கு வரும் பாதிப்பு எல்லாம் எடைபோடப்படும். எவ்வளவு எடை என்பது முடிவெடுப்பவரின் மதிப்பீடு, நீதிமன்றம் அதில் கைவைக்காது என்பதை 1995இல் டெஸ்கோ வழக்கில், அப்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தெளிவாகச் சொல்லிவிட்டது.

"எங்களைப் பிடிக்காத சனம்" என்று கேட்டீர்கள். அந்தக் கடிதங்களில் சில வார்த்தைகள் உங்களை நோகடித்திருக்கும், எனக்குத் தெரியும். "இவர்கள்" என்று தொடங்கும் கடிதங்களை நானும் படித்திருக்கிறேன். இனவெறுப்பான கருத்துக்கு முடிவில் இடமில்லை, கவுன்சில்கள் அவற்றைப் பிரசுரிக்காமல் தள்ளிவிடலாம். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, இனம், மதம் முதலியவற்றால் அடையாளம் காணப்படும் மக்களின் தேவைகளைக் கருத்தில் எடுக்க வேண்டிய கடமையைக் கவுன்சிலின் தலையில் வைத்திருக்கிறது. அறிக்கையில் அதற்கு ஒரு பந்தி இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். ஆனால் 64 பேரையும் அந்த ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டாதீர்கள். நான் வேலை செய்த ஒரு விண்ணப்பத்தில் கடுமையாக எதிர்த்தவர், களஞ்சியத்தின் பின்மதிலோடு ஒட்டிய வீட்டில் இருந்த ஒரு தாதி. இரவு வேலை முடித்து வந்து சனிக்கிழமை பகலில் நித்திரை கொள்பவர். அவருடைய படுக்கையறை யன்னலுக்கும் நாங்கள் நடன அறை என்று கீறிய இடத்துக்கும் இடையில் 7 மீற்றர்தான். அவர் எங்கள் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நாங்கள் நடன அறையை வீதிப் பக்கம் மாற்றி, பின்பக்கம் புத்தக அறையையும் வகுப்பறையையும் வைத்தோம். அவர் தன் எதிர்ப்பை மீளப் பெற்றார். அந்த மாற்றத்துக்குச் செலவான காசு கொஞ்சம்தான்.

உங்கள் விண்ணப்பத்தில் சண்டை நடக்கப்போவது வாகனத்திலும் சத்தத்திலும். இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாகனத்துக்கு "தரிப்பிடம் தாராளமாக உண்டு" என்று எழுதுவதால் பயனில்லை, கணக்கு வேண்டும். லண்டனின் லாம்பெத் கவுன்சில் வகுத்த அளவீட்டு முறை ஒன்றை இன்று பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் சட்டப்படி நிறுத்தக்கூடிய விளிம்பு நீளத்தை அளந்து, இரட்டை மஞ்சள் கோடு, வீட்டு வாசல், சந்தி எல்லாம் கழித்து, மீதியை 5 மீற்றருக்கு ஒரு கார் என்று பிரித்து, அந்த நேரத்தில் உண்மையில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிக் காட்டுவார்கள். முக்கியம் "அந்த நேரத்தில்" என்பது. உங்கள் பள்ளி சனிக்கிழமை காலை 10 மணிக்கென்றால், எண்ணிக்கையும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு எடுக்கப்பட வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெறும் தெருவைப் படம்பிடித்துக் கொடுத்த சங்கம் ஒன்றை எனக்குத் தெரியும். எதிர்த்தவர்கள் சனிக்கிழமைப் படத்தோடு கொமிட்டிக்கு வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சங்கம் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும் கார் வேறு, நிறுத்திவிட்டு உள்ளே வரும் கார் வேறு. முதலாவது பத்து நிமிடத்துக்குள் தெருவை அடைத்துவிட்டுப் போகும். இரண்டாவது மூன்று மணித்தியாலம் நிற்கும். வகுப்புகளை அரை மணித்தியால இடைவெளியில் தொடங்கினால் முதலாவது பிரச்சினை பாதியாகும். பக்கத்து அலுவலகம் சனி, ஞாயிறு தன் தரிப்பிடத்தைத் தரச் சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது.

பழைய உதாரணம் ஒன்று எங்கள் ஆட்கள் பலருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கிறது. வொட்ஃபோர்ட் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பக்திவேதாந்த மேனர். ஜோர்ஜ் ஹாரிசன் 1973இல் ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்குக் கொடுத்த மாளிகை அது. விழா நாட்களில் ஆயிரக்கணக்கான சனம் லெச்மோர் ஹீத் என்ற சின்னக் கிராமத்தின் நடுவால் காரில் போகத் தொடங்க, கிராமத்தவர் எதிர்த்தார்கள். பொது வழிபாட்டை நிறுத்தும் அமலாக்க நடவடிக்கை வரைக்கும் போனது. வருடக்கணக்கில் வழக்கு, ஊர்வலம். கடைசியில் 1996இல் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. முடிச்சை அவிழ்த்தது எது தெரியுமா? கிராமத்துக்குள் போகாமல் மேனருக்கு நேரே போகும் தனிப் பாதை. பக்தியின் ஆழத்தை அளக்க எந்தத் திட்டமிடல் கொள்கையிலும் கோல் இல்லை, பாதையை அளக்கலாம்.

சத்தம் இன்னும் நுட்பமானது. களஞ்சியத்தின் கூரை மெல்லிய தகரத்தகடு. பிள்ளைகள் ஆத்திசூடி சொல்வது வெளியே கேட்காது. தவிலும் ஒலிபெருக்கியின் அடித்தொனியும் அந்தத் தகட்டை ஊடுருவிக்கொண்டு போகும். ஒலியியல் நிபுணர் ஒருவர் மிக அருகிலுள்ள வீட்டு யன்னலடியில், விழா முடியும் இரவு நேரத்தில், பின்னணிச் சத்தம் எவ்வளவு என்று அளந்து அறிக்கை தர வேண்டும். அதைப் பார்த்துச் சுற்றாடல் சுகாதார உத்தியோகத்தர் அநேகமாக யன்னல்களைச் சாத்தி வைக்கச் சொல்வார். இந்த இடத்தில் யோசியுங்கள்: ஜூலை மாதம், 200 பேர், யன்னல் சாத்தியிருக்கிறது. காற்றோட்ட இயந்திரம் இல்லாமல் அது நடக்காது. அந்த இயந்திரத்தின் வெளிப்புறப் பெட்டியே ஒரு சத்தம், அதற்கும் அளவீடு வேண்டும். இதை விண்ணப்பத்திலேயே காட்டாமல் விட்டால், நிபந்தனையை ஏற்றுக்கொண்டு பிறகு முதல் கோடையிலேயே மீறுவீர்கள்.

இன்னொரு சத்தம் எந்த அறிக்கையிலும் வராது, ஆனால் அயலவர் கடிதத்தில் வரும். விழா முடிந்து "போயிட்டு வாறம்" என்று சொன்ன பிறகு, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைப்போம். அந்த அன்பு இரவு 11 மணிக்கு எதிர்வீட்டுப் படுக்கையறையில் கேட்கிறது. முகாமைத்துவத் திட்டம் என்று ஒரு ஆவணம் கொடுங்கள். இசை எத்தனை மணிக்கு நிற்கும், வாசலில் யார் நின்று ஆட்களை அனுப்புவார்கள், அயலவர் அழைக்க எந்தத் தொலைபேசி எண் என்று அதில் இருக்கட்டும். நிபந்தனையால் சரிசெய்யக்கூடிய விஷயமென்றால் மறுப்பதற்கு முன்னர் நிபந்தனை போட முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது தேசியக் கொள்கை. அந்த நிபந்தனை தேவையானதாக, தெளிவானதாக, நடைமுறைப்படுத்தக்கூடியதாக, நியாயமானதாக, அந்தத் திட்டத்தோடும் திட்டமிடலோடும் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். நிபந்தனைகளை நீங்களே எழுதி உத்தியோகத்தரிடம் முன்கூட்டிக் கொடுத்தால் அவருக்கு வேலை இலகு, உங்களுக்கு நல்ல பெயர்.

கவுன்சிலர்களைச் சந்திக்கலாமா? சந்திக்கலாம், விளக்கலாம். அவர்கள் கேட்கலாம், ஒரு பக்கம் சாய்ந்த கருத்து முன்னரே சொல்லியிருக்கவும் கூடும். 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டத்தின் 25ஆம் பிரிவு, முன்னர் ஒரு கருத்துச் சொன்னார் என்பதற்காக மட்டும் அவர் மனம் பூட்டப்பட்டது என்று கொள்ளக்கூடாது என்கிறது. ஆனால் கொமிட்டி அங்கத்தவர் "நான் உங்களுக்குத்தான் வாக்களிப்பேன்" என்று உறுதி தரக்கூடாது, நீங்களும் கேட்கக்கூடாது. பலகாரப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். பொங்கல் விழாவுக்கு அழைத்து மேடையில் பொன்னாடை போர்த்துவது எங்களுக்கு மரியாதை. கொமிட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் அதைச் செய்து படத்தைப் பேஸ்புக்கில் போட்டால், அந்தக் கவுன்சிலர் அன்றைக்கு அறையைவிட்டு வெளியேற வேண்டி வரலாம். உங்களை நன்றாக விளங்கிக்கொண்ட ஒரு வாக்கை நீங்களே பொன்னாடையால் மூடிவிடுவீர்கள். வட்டாரக் கவுன்சிலர் கொமிட்டியில் இல்லாதவர் என்றால் அவர் உங்களுக்காகப் பேச வரலாம், அது முறையானது.

இனி அந்த மாலை. சபா மண்டபத்தில் குதிரை இலாட வடிவில் மேசைகள். நடுவில் தவிசாளர், அவருக்கு ஒரு பக்கம் சட்ட ஆலோசகர், மறுபக்கம் திட்டமிடல் உத்தியோகத்தர். முதலில் யாருக்காவது சொந்த நலன் இருக்கிறதா என்று கேட்பார்கள். உங்கள் விண்ணப்பம் வந்ததும் உத்தியோகத்தர் திரையில் சிவப்புக் கோடு போட்ட காணிப் படத்தைக் காட்டிச் சில நிமிடம் விளக்குவார். அறிக்கைக்குப் பிறகு வந்த கடிதங்கள் ஒரு பின்னிணைப்புத் தாளில் மேசையில் கிடக்கும், போனவுடன் அதை எடுத்துப் படியுங்கள். பிறகு எதிர்ப்பவர், வட்டாரக் கவுன்சிலர், விண்ணப்பதாரர் பேசுவார்கள். பல இடங்களில் ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும், வாக்கியத்தின் நடுவிலும் நிறுத்துவார்கள்.

அந்த மூன்று நிமிடத்தில் ஒரு பெரியவர் பேசியதை நான் மறக்க மாட்டேன். ஊரைவிட்டு வந்த கதை, பிள்ளைகள் மொழியை இழக்கும் கதை, எல்லாவற்றையும் உருக்கமாகச் சொன்னார். சபை அமைதியாகக் கேட்டது. தவிசாளர் மனதார நன்றி சொன்னார். அடுத்த கணம் ஒரு கவுன்சிலர் கேட்டார்: "சனிக்கிழமை எத்தனை கார் வரும், ஐயா?" பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஏழு மாதம் கழித்து எண்ணிக்கையோடும் வகுப்பு அட்டவணையோடும் திரும்பப் போனோம், அதே கொமிட்டி அனுமதி தந்தது. அதே பெரியவர்தான் இரண்டாம் முறையும் பேசினார். அறிக்கையின் பந்தி எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பேசினார்.

பேச்சு முடிந்ததும் அங்கத்தவர்கள் உத்தியோகத்தரிடம் கேள்வி கேட்பார்கள், பிறகு விவாதம். நீங்கள் இடையில் பேச முடியாது. ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் வழிமொழிய, கையுயர்த்தி வாக்கெடுப்பு. சமமாக வந்தால் தவிசாளருக்கு இன்னொரு வாக்கு. விவாதம் முழுவதும் அறையில் இருந்தவர்தான் வாக்களிக்கலாம் என்பது பல கவுன்சில்களின் விதி. சில சமயம் "இடத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்" என்று ஒத்திவைப்பார்கள். அதை தோல்வி என்று எண்ணி முகம் வாட வேண்டாம்.

உத்தியோகத்தர் அனுமதிக்கச் சொன்னாலும் கொமிட்டி மறுக்கலாம், மறுக்கச் சொன்னாலும் அனுமதிக்கலாம். ஆனால் காரணம் வேண்டும். மறுத்தால் அந்தக் காரணம், மேன்முறையீடுகளை விசாரிக்கும், பிறிஸ்டலைத் தலைமையகமாகக் கொண்ட பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டில் நிற்க வேண்டும். ஆதாரமில்லாமல் மறுத்தது நியாயமற்ற நடத்தை என்று இன்ஸ்பெக்டர் கண்டால் உங்கள் மேன்முறையீட்டுச் செலவையும் கவுன்சில் கட்ட நேரிடும். அதனால்தான் விவாதம் அந்தப் பக்கம் சாயும்போது சட்ட ஆலோசகர் குனிந்து தவிசாளரிடம் ஏதோ சொல்வதைப் பார்ப்பீர்கள்.

மறுபக்கத்துக்கும் உதாரணம் உண்டு. டோவரில், ஃபார்திங்லோ என்ற பள்ளத்தாக்கில் 521 வீடு கட்டும் திட்டம் 2013இல் கொமிட்டிக்கு வந்தது. சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை எழிற்பகுதி அது. எண்ணிக்கையை 365ஆகக் குறைக்கச் சொன்னார்கள் உத்தியோகத்தர்கள். கொமிட்டி அதை ஏற்காமல் முழுவதற்கும் அனுமதி கொடுத்தது. ஏன் என்று போதுமான அளவுக்கு விளக்கவில்லை. கென்ட் கிராமப்புறப் பாதுகாப்பு அமைப்பு வழக்குப் போட்டது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படியான முடிவுக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று சொல்லி, அனுமதி இரத்தானதை உறுதிப்படுத்தியது. ஆகவே உத்தியோகத்தர் உங்களுக்கு எதிராகப் பரிந்துரைத்து, கொமிட்டி உங்கள் பக்கம் நின்றால், ஆரவாரப்படுவதற்கு முன்னர் அவர்கள் சொன்ன காரணம் கூட்டக் குறிப்பில் ஒழுங்காக ஏறுகிறதா என்று கவனியுங்கள். நாளைக்கு உங்கள் அனுமதியைக் காப்பாற்றப்போவது அந்த வரிகள்தான்.

வாக்கெடுப்பில் வென்றாலும் கையில் அனுமதி வந்ததாகக் கணக்கில்லை. எழுத்துமூல முடிவுப் பத்திரம் வெளியாகும் நாள்தான் அனுமதியின் நாள். அதிலிருந்து எதிர்த்தவர்களுக்கு நீதிமன்றம் போக 6 கிழமை உண்டு. முடிவு பிழை என்பதற்காக அவர்கள் மேன்முறையீடு செய்ய முடியாது, முடிவெடுத்த விதம் சட்டப்படி பிழை என்று காட்ட வேண்டும். மேன்முறையீட்டு உரிமை விண்ணப்பதாரருக்கு மட்டும். உங்களுக்கு மறுப்பு வந்தால் 6 மாதத்துக்குள் செய்யலாம். கொமிட்டி தயங்குகிறது என்று முன்னரே தெரிந்தால், ஒரு வருடத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி தரும்படி கேட்பதும் ஒரு வழி. சத்தமும் வாகனமும் உண்மையில் எப்படி இருக்கின்றன என்று பரீட்சித்துப் பார்க்க அது இடம் கொடுக்கும். ஆனால் கூரைக்கும் ஒலித்தடுப்புக்கும் பெரும் காசு போடும் திட்டமென்றால் அந்த வழி உங்களுக்குத் தோதாகாது.

"திறப்பதற்கு முன்னர்" என்று தொடங்கும் நிபந்தனைகளை முடிவுப் பத்திரத்தில் தனியாகக் கோடிட்டு வையுங்கள். ஒலித்தடுப்பு விவரம், சைக்கிள் தரிப்பிடம், குப்பைத்தொட்டி இடம் என்று வரும். ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் எடுக்க வேண்டும். தைப்பொங்கலுக்குத் திறப்பு விழா என்று அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்னர் அந்த ஒப்புதல்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பாருங்கள்.

அறிக்கை வெளியான அன்றே மதிப்பீட்டுப் பகுதியை எனக்கு அனுப்புங்கள். பேசுவதற்குப் பெயர் கொடுக்கும் கடைசி நேரம் கூட்டத்துக்கு ஒருநாள் முன்னராகவே முடிந்துவிடும், அதைத் தவற விடாதீர்கள். யார் பேசுவது என்று இப்போதே தீர்மானித்து, சனிக்கிழமை காலை அவரையே தெருவுக்கு அனுப்பிக் கார்களை எண்ணச் சொல்லுங்கள்.